கடலுக்குள் வேலி அடைத்தவள்

உங்கள் வீட்டுச் சுவருக்கும் கடலுக்கும் இடையே எத்தனை அடி? இன்றைக்கு எத்தனை, பத்து வருடத்துக்கு முந்தி எத்தனை? எந்த வீட்டுப் பிள்ளை எந்த நாட்டில், எந்த வீட்டில் யார் யாரோடு கதைப்பதில்லை என்று ஒன்றுவிடாமல் தெரிந்து வைத்திருக்கிறீர்களே, இது தெரியுமா?

தெரியாது. மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாய் அன்ரோனெற்றுக்கும் தெரியாமல்தான் இருந்தது. அதனால் அவளுடைய காணியில் பாதிக்கு மேல் கடலுக்குள் போனபோது, போனது என்று சொல்ல ஒரு துண்டுக் கடதாசி அவளிடம் இருக்கவில்லை. அதைவிடக் கொடுமை, போனதற்கான அடையாளத்தை வருடா வருடம் தன் கையாலேயே அழித்துக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

அன்ரோனெற்றுக்கு இப்போது ஐம்பது வயது. பதினாறு வயதில் சண்டைக்குப் பயந்து வள்ளத்தில் ஏறி இராமேஸ்வரம் போனாள். மண்டபம் முகாமில் நான்கு வருடம். அங்கே பத்தாம் வகுப்புவரை படித்தாள். கப்பலில் திரும்பி வந்து, அடுத்த வருடம் வலன்ரைனைக் கட்டினாள். வலன்ரைன் கடல் தொழில் செய்பவன். அதிகம் பேசாதவன். பேசினால் சிரிக்க வைக்கும் பகிடிதான். கலியாணம் முடிந்த மறுவருடம், தொண்ணூற்றாறில், அவள் பெயரில் கால் ஏக்கர் காணிக்கு அரசாங்கத்தின் அனுமதிப்பத்திரமான பேர்மிற் கிடைத்தது. வாசலுக்கு முன்னால் போகும் ஒழுங்கையிலிருந்து கடல் பக்கமாக இருநூற்றிருபது அடி நீளம், ஐம்பதடி அகலம். அதற்கும் அப்பால் நூற்றைம்பதடிக்கு வெறும் மணல். அதன் பிறகுதான் கடல்.

அகதி முகாமில் பத்தடிக்குப் பத்தடி அறையில் ஆறு பேரோடு படுத்தெழும்பிய பெண்ணுக்குக் கால் ஏக்கர் என்பது ஒரு நாடு. முதல் வேலையாகக் கிணறு வெட்டினார்கள். ஒழுங்கையிலிருந்து சரியாக நூற்றிருபதாவது அடியில், காணியின் நடுவில். வலன்ரைன் குழிக்குள் நின்று வெட்ட, அன்ரோனெற் கடகத்தில் மண் தூக்கினாள். ஏழடியில் தண்ணீர். தேத்தண்ணிக்கென்றே செய்த தண்ணீர் போல அப்படி ஒரு ருசி. நாலு கொங்கிறீற் வளையம் இறக்கி, மேல் வளையத்தில் ஈரம் காயுமுன் ஒரு சிலுவையும் 1996 என்ற எண்ணும் ஆணியால் கீறிவிட்டாள். அக்கம்பக்கத்து ஏழு வீடு அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளியது.

இனி வேலிக்கு வருவோம். கதையே அதில்தான் இருக்கிறது.

அந்த ஊரில் ஒரு பழக்கம். தவக்காலத்தில் சிலுவைப்பாதை ஊர்வலம் ஒழுங்கை வழியாகப் போய்க் கடற்கரை வழியாகத் திரும்பி வரும். எல்லா வீட்டின் முன்வேலியையும் பின்வேலியையும் ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நடக்கும். ஆகவே வாடைக்காற்று ஓய்ந்ததும், உயிர்த்த ஞாயிறுக்கு முன்னர், ஒவ்வொரு வீடும் பழைய ஓலையைப் பிரித்து எறிந்துவிட்டுப் புது ஓலை வைத்து வேலி அடைத்துவிட வேண்டும். வேலி சரிந்து கிடந்தால் அந்த வீட்டுக்காரியின் பெயரும் சரியும். அன்ரோனெற்றின் வேலி ஊரிலேயே முதலாவது. அவள் உள்ளே நின்று குத்தூசியை விட, வலன்ரைன் வெளியே நின்று கயிற்றை வாங்கித் திருப்பிக் கொடுக்க, நூல் பிடித்தது போல ஓலை நிற்கும்.

இரண்டாயிரத்துப் பத்தில் ஒருநாள் கடல் அவளுடைய பின்வேலியைத் தொட்டது. வேலிக் கம்பான கதியாலில் மூன்று விழுந்தது. அவள் என்ன செய்தாள்? விழாத கதியாலையும் சேர்த்துப் பிடுங்கி, ஐந்தடி உள்ளே நட்டு, நேராக ஓலை வைத்து அடைத்தாள். சிலுவைப்பாதை வந்தது. வேலி வடிவு என்று எல்லாரும் சொன்னார்கள். அடுத்த வருடம் எட்டடி. அதற்கடுத்த வருடம் கடல் வரவில்லை, சந்தோஷம். பிறகு ஒரே மாரியில் பதினைந்தடி. ஒவ்வொரு தவக்காலமும் அவள் வேலியைப் பின்னுக்கு எடுத்தாள், ஒவ்வொரு உயிர்த்த ஞாயிறும் வேலி புத்தம்புதிதாக நின்றது. களவு போன வீட்டில் கள்ளனின் காலடியைக் கூட்டித் துடைத்து, கோலமும் போட்டு வைத்தது போன்ற வேலை இது. அவள் மட்டுமல்ல, அந்தக் கரையில் எல்லாரும் செய்தார்கள். மானம் மரியாதைக்காகச் செய்தார்கள்.

கடல் முதலில் கிணற்றின் அடியால் வந்தது. இரண்டாயிரத்துப் பதினாலில் தேத்தண்ணி கரித்தது. பிறகு சோறு வேகவில்லை, சவர்க்காரம் நுரைக்கவில்லை. தண்ணீர் கேட்டு வந்த ஏழு வீடும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. எல்லாரும் குடத்தோடு தண்ணீர் கொண்டுவரும் பவுசருக்குக் காத்து நின்றார்கள். இன்னும் ஐந்து வருடத்தில் கிணறே வேலிக்கு வெளியே போனது. சுற்றியிருந்த மணல் கரைந்து, வளையங்கள் மட்டும் கடலுக்குள் ஒரு தூண் போல நின்றன. நீர்க்காகம் வந்து அதில் இறகு உலர்த்தியது. அன்ரோனெற் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டாள். தான் வெட்டிய கிணற்றைத் தான் கைவிட்டது போல ஒரு வெட்கம் அவளுக்கு. வெட்கப்பட வேண்டியவர்கள் யார் யாரோ இருக்க, இவள் வெட்கப்பட்டாள்.

கோயில் மூப்பர் யாகப்பர் ஒரு விளக்கம் வைத்திருந்தார். நல்ல மனிதர், அழகான கையெழுத்து, கோயில் பதிவேடுகள் எல்லாம் அவர் எழுதியவைதான். ஆனால் கடல் ஏன் வருகிறது என்று கேட்டால் பூசைக்கு வராதவர்களின் பெயர்ப்பட்டியலைச் சொல்வார்.

"பாவம் கூடிப்போச்சு பிள்ளை. அதுதான் கடல் ஏறுது."

"என்ர பாவம் வருசத்துக்குப் பத்தடி நீளமோ யாகப்பர் அண்ணை?" என்று அன்ரோனெற் கேட்டாள். "நான் கோயிலுக்கு வராத ஞாயிறு ஒண்டு சொல்லுங்கோ பாப்பம்."

"உன்னைச் சொல்லேல்லை. உன்ர புருசனைச் சொல்லுறன்."

"அந்தாள் குடிக்கிற ஒரு போத்தில் பியருக்கு இவ்வளவு தண்ணி வரும் எண்டால், பவுசரை ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறம்?"

வலன்ரைன் வலை பின்னுவதை நிறுத்தாமலே, "ரெண்டு போத்தில் எண்டு சொல்லு. உண்மையைச் சொல்ல வேணும்" என்றான்.

கடலைத் தடுக்கக் கரையில் ஓர் அந்தோனியார் சொரூபம் வைத்திருந்தார்கள். கடல் பீடத்தைத் தின்னத் தொடங்கியதும் சொரூபத்தை உள்ளே நகர்த்தினார்கள். பிறகு இன்னொரு தடவை. பிறகு மூன்றாவது தடவை. தன் பீடத்தையே காப்பாற்ற முடியாமல் மூன்று முறை பின்வாங்கியவரிடம் ஊரைக் காப்பாற்றச் சொல்லி மெழுகுதிரி ஏற்றினார்கள். அவர் மேல் பிழை இல்லை. அவரிடம் கேட்கக்கூடாத கேள்வியை அவரிடம் கேட்டதுதான் பிழை.

கேட்க வேண்டியவர்கள் வேறு இடங்களில் இருக்கிறார்கள். இதில் மர்மம் ஒன்றும் இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும். நிலக்கரியும் எண்ணெயும் எரிந்தால் புகை வானத்தில் தங்கும், தங்கிய புகை சூட்டைப் பிடித்து வைக்கும், சூடேறிய நீர் விரியும், துருவத்துப் பனி உருகும், கடல் உயரும். தாழ்ந்த மணல் தீவைத்தான் அது முதலில் தொடும். இருநூறு வருடமாக எரித்துப் பணக்காரர் ஆனவர்கள் குளிரூட்டிய மண்டபங்களில் கூடி, அடுத்த கூட்டம் எந்த ஊரில் என்று தீர்மானித்துவிட்டு விமானம் ஏறுகிறார்கள். அன்ரோனெற் தன் வாழ்நாளில் ஏறியது எதில்? அகதிகளை ஏற்றிய ஒரு வள்ளம், திரும்பி வந்த ஒரு கப்பல், மன்னார் பஸ், மச்சானின் மோட்டார்சைக்கிளில் பின் இருக்கை. அவள் அடுப்பு இன்னும் பனைமட்டையில்தான் எரிகிறது. அவளுடைய புகை அவளுடைய கண்ணைத் தாண்டிப் போனதில்லை.

போன மார்கழி, கிறிஸ்மஸுக்கு ஒன்பது நாள் முன்னர், காலையில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோது பின்வேலிக்கு மேலால் ஒரு அலை வந்தது. அடுப்பு அணைந்தது. அரிசி வாளி மிதந்தது. அடுத்த அலைக்குக் குசினிச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு விழுந்தது. அது இரண்டாயிரத்துப் பதினொன்றில் வீட்டுத் திட்டத்தில் கிடைத்த கல்வீடு. அதற்கு இடம் காட்டியதே காணிக் கந்தோரிலிருந்து வந்த அதிகாரிகள்தான். அன்றைக்கு வீட்டுக்கும் கடலுக்கும் இடையே ஒரு சின்ன விளையாட்டுத்திடல் அளவுக்கு நிலம் இருந்தது.

"அடுத்த வாடைக்கு இந்த வீடு நிக்காது" என்றான் வலன்ரைன். அதில் பகிடி இல்லை.

இதுதான் அவர்களுடைய தேவை. அடுத்த ஐப்பசி கார்த்திகைக்கு முன் கரையை விட்டுத் தள்ளி ஒரு துண்டு மாற்றுக் காணி கிடைக்க வேண்டும். அதற்கு, இந்தக் காணியைக் கடல் எடுத்தது என்று கந்தோர் ஒரு வரி எழுதித்தர வேண்டும். ஒரே ஒரு வரி.

தை மாதம் விண்ணப்பம் கொடுத்தாள். பேர்மிற்றில் முதல் பக்கத்தை மட்டும் பிரதி எடுத்துக் கொண்டுவரச் சொன்னார்கள், கொடுத்தாள். மாசியில் போய்க் கேட்டாள், பங்குனியில் போய்க் கேட்டாள். வருவார்கள் என்றார்கள். இதற்கிடையில் தவக்காலம் வந்தது. வழக்கம் போலக் கதியாலைப் பிடுங்கி, பன்னிரண்டடி உள்ளே நட்டு, புது ஓலை வைத்து வேலியை அடைத்தாள். உயிர்த்த ஞாயிறு முடிந்து இரண்டாம் கிழமை ஜீப் வந்தது.

வந்தவர் காணி உத்தியோகத்தர் சிவராசா. உயிலங்குளத்து ஆள், நாற்பது வயதிருக்கும். மரியாதையாகப் பேசினார். கையில் படிவம் இருந்தது, அளவு நாடா இல்லை. வீட்டைச் சுற்றி வந்து பின்வேலிக்கு முன்னால் நின்றார்.

"அம்மா, வேலி நல்ல வடிவா நிக்குது. காணியில என்ன குறைஞ்சிருக்கு?"

"சேர், இது இப்ப அடைச்சது. முந்தி வேலி அங்கால இருந்தது."

"எங்கால?"

அன்ரோனெற் கையை நீட்டினாள். சிவராசா அந்தத் திசையைப் பார்த்தார். கடல் மினுங்கியது.

"கடலைக் காட்டுறீங்கள். கடலுக்குப் பேர்மிற் குடுக்கிறேல்லை அம்மா."

அவர் படிவத்தைக் காட்டினார். பாதிப்புக்குக் காரணம் என்ற இடத்தில் கட்டங்கள் இருந்தன. வெள்ளம், மழை, புயல், மின்னல், தீ, யானை. அன்ரோனெற் ஒவ்வொன்றாக வாசித்தாள். யானைக்குக்கூட ஒரு கட்டம் இருந்தது. தீவின் அந்தக் கரையில் யானையை யாரும் கண்டதில்லை.

"கடலை எதுக்குள்ள போடப்போறீங்கள்?"

"புயல் எண்டால் திகதி வேணும். எந்தப் புயல், என்ன பெயர் எண்டு. உங்கட கடல் கொஞ்சம் கொஞ்சமா வந்திருக்கு. அதுக்கு இதில இடமில்லை." குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்டும் இருக்கு அம்மா. அளந்து பாத்தால் இந்த வீடு இப்ப கரையோர ஒதுக்குப் பகுதிக்குள்ள வரும். கடலுக்கு இவ்வளவு கிட்ட வீடு இருக்கேலாது. மேலிடம் கேட்டால் சட்டவிரோதக் கட்டடம் எண்டுதான் வரும்."

இந்த இடத்தில் நீங்கள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். காணி குறையவில்லை, ஏனென்றால் வேலி நேராக நிற்கிறது. ஆனால் வீடு கடலுக்குக் கிட்ட இருக்கிறது, ஆகவே அவள் குற்றவாளி. கடல் நடந்து வந்து வீட்டு வாசலில் நின்றது. நடந்தவனை விட்டுவிட்டு நின்றவளைப் பிடித்தது சட்டம்.

அன்ரோனெற்றுக்கு உச்சந்தலை கொதித்தது. சேர் என்ற சொல் வாயிலிருந்து கழன்று விழுந்தது.

"தம்பி, எனக்கு ஒண்டு விளங்கேல்லை. காணி குறையேல்லை எண்டும் சொல்லுறீங்கள். வீடு கடலுக்குக் கிட்ட எண்டும் சொல்லுறீங்கள். அப்ப நான் என்ன, வீட்டைத் தலையில தூக்கிக்கொண்டு போய்க் கடலுக்குப் பக்கத்தில வச்சனானோ?"

ஜீப்காரன் சிரித்துவிட்டான். சிவராசா சிரிக்கவில்லை. படிவத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார். சித்திரை முடிந்தது, வைகாசி பிறந்தது. 'பாதிப்பு எதுவும் அவதானிக்கப்படவில்லை' என்று ஒரு கடிதம் வந்தது.

கடிதத்தைப் படித்துவிட்டு அன்ரோனெற் அன்று சமைக்கவில்லை. இரும்புப் பெட்டியைத் திறந்து, பொலித்தீனில் சுற்றி வைத்திருந்த பேர்மிற்றை எடுத்தாள். முதல் பக்கத்தைப் புரட்டினாள். இரண்டாம் பக்கத்தில் காணியின் வரைபடம். கந்தோரில் யாரும் கேட்காத பக்கம், அவளும் இத்தனை வருடம் உற்றுப் பார்க்காத பக்கம். ஒழுங்கை ஒரு கோடு. அதிலிருந்து 220 அடி. நடுவே ஒரு சின்ன வட்டம், பக்கத்தில் 'கிணறு' என்ற சொல், 120 அடி. கீழே கந்தோர் முத்திரை, கையெழுத்து.

வலன்ரைனின் வள்ளத்துக் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, ஒழுங்கையிலிருந்து அளந்துகொண்டு போனாள். குசினியின் பின்சுவர் எழுபத்தெட்டடி. வேலி எண்பத்தெட்டு. வேலியைத் தாண்டி, நூற்றிருபதில் கிணற்று வளையம், இடுப்பளவு தண்ணீரில். ஆறு வருடத்துக்குப் பிறகு அவள் அதைத் தொட்டாள். சிலுவை தேய்ந்திருந்தது. 1996 அப்படியே இருந்தது. கயிறு இன்னும் நூறடி மிச்சமாகக் கையில் தொங்கியது. மிச்சமெல்லாம் கடல்.

நூற்று முப்பத்திரண்டடி. பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக அவள் கணக்குப் பார்த்தாள். பார்த்ததும் ஆத்திரம் முதலில் வந்தது தன் மேல்தான். ஒரு பழைய கதியாலையாவது இருந்த இடத்தில் விட்டிருக்கலாம். ஒன்றுகூட விடாமல் பிடுங்கினாளே! யார் பார்க்க அடைத்தாள் அந்த வேலியை?

கரைக்கு வந்து வலன்ரைனிடம் சொன்னாள்: "இந்த வருசம் வேலி இன்னொருக்கா அடைக்க வேணும்."

"பெரிய வெள்ளிக்கு முதல்தானே அடைச்சது?"

"அது பிழையான இடம். சரியான இடத்தில அடைப்பம்."

அவன் அவளைப் பார்த்தான், கடலைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். "குத்தூசிக்கு நான் வெளியால நிக்க வேணும் எண்டால், மீனோடதான் நிக்க வேணும்" என்றான். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

எருக்கலம்பிட்டியில் தடி விற்கும் ஆதம்பாவா நானாவிடம் பன்னிரண்டடிச் சவுக்குத் தடி கேட்டாள்.

"என்னத்துக்குத் தங்கச்சி இவ்வளவு உயரம்?"

"கடலுக்குள்ள வேலி போட நானா."

ஆதம்பாவா கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "எங்கட பக்கமும் கரை போகுதுதான். நீங்கள் போட்டு வெற்றி கண்டால் சொல்லுங்கோ. எனக்கு யாவாரம்" என்றவர், இரண்டு தடியைக் கூடுதலாக ஏற்றிவிட்டார்.

தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் காலத்தில் அந்த வடகரைக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். வலன்ரைனுக்குக் கடலில் கம்பு நடுவது புதிய வேலையில்லை, வலை கட்ட எத்தனையோ நட்டிருக்கிறான். ஒழுங்கையிலிருந்து இருநூற்றிருபதாவது அடியில், நெஞ்சளவு தண்ணீரில், ஐம்பதடி நீளத்துக்கு ஒன்பது தடி இறக்கினான். மூன்று நாள் அதில் போனது. நாலாம் நாள் அன்ரோனெற் சட்டைக்கு மேலே வலன்ரைனின் பழைய சேட் ஒன்றையும் மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினாள். அவள் கரைப்பக்கம் நின்று குத்தூசியை விட, அவன் கடல்பக்கம் நின்று வாங்கிக் கொடுத்தான். தண்ணீருக்கு மேலே ஓலை நூல் பிடித்தது போல நின்றது. கரையிலிருந்த வேலியை இருவருமாகப் பிரித்து அடுக்கினார்கள்.

ஊர் கூடிச் சிரித்தது. மீனுக்குச் சீதனம் குடுக்கப் போறாள் என்றார்கள். அன்ரோனெற்றுக்குச் சூடு தலைக்கு ஏறிவிட்டது என்றார்கள், அந்த வைகாசி வெயிலுக்கு அது நடக்கக்கூடியதுதான். அவள் உள்ளே போய்த் தாளும் பேனையும் எடுத்தாள். கந்தோருக்கு இன்னொரு விண்ணப்பம் எழுதினாள். பதில் இல்லை. இன்னொன்று எழுதினாள். அதற்கும் இல்லை.

பிறகு யாகப்பர் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணை, உங்கட வடிவான கையெழுத்தில எனக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதித்தர வேணும்."

யாகப்பர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆருக்கு எதிரா?"

"எனக்கு எதிரா. ஓலைத்தொடுவாயில ஒருத்தி அரசாங்கத்தின்ர கடலுக்குள்ள அத்துமீறி வேலி அடைச்சிருக்கிறாள், உடன நடவடிக்கை எடுங்கோ எண்டு."

"பொய் எழுதிறது பாவம் பிள்ளை."

"இதில எது பொய்? வேலி நிக்குது. கடலுக்குள்ள நிக்குது. அடைச்சது நான். ஒரு எழுத்துப் பொய் இருந்தால் காட்டுங்கோ."

யாகப்பர் வெகுநேரம் யோசித்தார். பொய் ஒன்றும் அகப்படவில்லை. "பெயர் போடாமல் எழுதிறதுதான் ஒரு மாதிரிக் கிடக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டு எழுதினார். 'இப்படிக்கு, ஊர் நலன் விரும்பி' என்று முடித்தார். அதுவும் உண்மைதான்.

ஐந்து மாதமாக அவள் கொடுத்த விண்ணப்பங்களுக்கு அசைந்து அசைந்து வந்த கந்தோர், மொட்டைக் கடிதத்துக்கு ஆறாம் நாள் வந்தது. அதே ஜீப். அதே சிவராசா. இந்த முறை கையில் அளவு நாடா இருந்தது. ஒரு ஏழைக்குக் கொடுப்பதற்குத்தான் நாடா கிடைக்காது, பிடிப்பதற்கு உடனே கிடைக்கும்.

"என்னம்மா இது? கடலுக்குள்ள வேலி போட ஆர் அனுமதி தந்தது?"

"நீங்கள்தான்" என்று அன்ரோனெற் பேர்மிற்றை நீட்டினாள். இரண்டாம் பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தாள். "உங்கட கந்தோர் முத்திரை. என்ர காணிக்கு நான் வேலி அடைச்சிருக்கிறன். ஒரு அடி கூடவோ குறையவோ எண்டு அளந்து பாருங்கோ."

"இதை உடன அகற்றச் சொல்லி அறிவித்தல் தரப்போறன்."

"தாங்கோ. வேண்டிறதுக்குத்தான் நிக்கிறன். ஆனா வேலி எங்க நிக்குது எண்டு அதில எழுத வேணும். ஒழுங்கையில இருந்து எத்தனை அடி, கரையில இருந்து எத்தனை அடி. எந்த வேலி எண்டு தெரியாமல் எதை நான் புடுங்கிறது?"

சிவராசாவுக்கு அப்போதுதான் விளங்கியது. வேலி நிற்கும் அடியை எழுதினால், காணி கடலுக்குள் போனதையும் தன் கையாலேயே எழுத வேண்டும். கரையில் ஊர் நின்றது, யாகப்பர் உட்பட. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அவர் சப்பாத்தைக் கழற்றினார். காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். வலன்ரைன் ஒழுங்கையில் நாடாவின் ஒரு நுனியைப் பிடித்து நிற்க, அன்ரோனெற் அவருக்கு முன்னால் கடலில் இறங்கி நடந்தாள். எழுபத்தெட்டு. எண்பத்தெட்டு. சுருட்டிய காற்சட்டை நனைந்தது. நூற்றிருபதில் கிணற்று வளையத்தில் கையை ஊன்றி நின்று, வரைபடத்தில் வட்டம் போட்டிருந்த இடத்தையும் தன் கைக்குக் கீழே இருந்த 1996ஐயும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதில தண்ணி குடிச்சனீங்களோ?" என்று கேட்டார். அது கந்தோர்க் கேள்வி இல்லை.

"ஏழு வீடு குடிச்சது."

வளையத்திலிருந்து கையை எடுக்காமலே அவர் சொன்னார்: "போன போகம் அப்பாவின்ர வயலில அறுவடை நேரம் மழை பெய்து கதிரிலேயே நெல் முழுக்க முளைச்சுப்போச்சு. முந்தி அந்த மாதத்தில இப்பிடி மழை இல்லை. அதுக்கு நட்டஈடு வந்தது."

"மழைக்கு உங்கட தாளில கட்டம் இருக்கு தம்பி. அதுதான் வந்தது. மழையை அனுப்பினவையும் கடலை அனுப்பினவையும் ஒரே ஆக்கள்தான்."

சிவராசா நாடாவை இழுத்துக்கொண்டு நடந்தார். இருநூற்றிருபதுவரை போனார். நெஞ்சளவு தண்ணீரில் நின்று நாடாவைப் பார்த்தார். ஒரு அடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அன்று பின்னேரம் ஈரக் காற்சட்டையோடு ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்து அவர் எழுதிய அறிவித்தலில் இந்த வரி இருக்கிறது: 'பேர்மிற் உரிமையாளரின் காணி எல்லைக்குள், தற்போது கடல்நீரால் மூடப்பட்டுள்ள பகுதியில், கரையிலிருந்து 132 அடி தூரத்தில் அமைக்கப்பட்டுள்ள வேலியைப் பதினான்கு நாட்களுக்குள் அகற்றவும்.' கையெழுத்து. திகதி. முத்திரை.

அன்ரோனெற் அதை இரண்டு தடவை வாசித்தாள். ஒரு வரி கேட்டு ஆறு மாதம் அலைந்தாள். அவளைக் குற்றவாளி ஆக்குவதற்காக அந்த வரியை எழுதிக் கொடுத்தார்கள்.

பதினான்காம் நாள் ஓலையைக் கழற்றினார்கள். தடிகளைக் கழற்றவில்லை. வேலியைத்தானே அகற்றச் சொன்னீர்கள், தடியைச் சொல்லவில்லையே என்று வலன்ரைன் கந்தோரில் போய்ப் பணிவாகக் கேட்டுவிட்டு வந்தான். அந்த அறிவித்தலின் பிரதியை இணைத்து அன்ரோனெற் புதிய விண்ணப்பம் கொடுத்தாள். 'பாதிப்பு அவதானிக்கப்படவில்லை' என்று இந்த முறை யாராலும் எழுத முடியவில்லை. கோப்பு திறந்திருக்கிறது, மாற்றுக் காணி பரிசீலனையில் இருக்கிறது என்று கடிதம் வந்திருக்கிறது. காணி வரவில்லை. இது ஆடி மாதம். வாடைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. குசினிச் சுவரின் வெடிப்புக்குள் இப்போது ஒரு விரல் போகிறது. சூடாக்கியவர்கள் ஒருவரும் இதுவரை ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை.

ஆனால் அந்தக் கரையில் பதினொரு வீட்டுக்காரர் இரும்புப் பெட்டியைத் திறந்து பேர்மிற்றின் இரண்டாம் பக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள். யாகப்பர் கோயில் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில், சொரூபம் முன்னர் நின்ற மூன்று இடங்களையும் அடிக்கணக்கில் எழுதி வைத்திருக்கிறார். பாவத்தைப் பற்றி இப்போது கொஞ்சம் குறைவாகப் பேசுகிறார்.

நீங்களும் ஒரு வேலை செய்யுங்கள். நாளைக்குக் காலையில், கடல் ஏறி நிற்கும் நேரம் பார்த்து, உங்கள் வீட்டுச் சுவரிலிருந்து தண்ணீர் வரைக்கும் அளந்து பாருங்கள். அடியை எழுதி, திகதி போட்டு, பக்கத்து வீட்டார் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பிரதியைக் கிராம அலுவலரான விதானையாரிடம் கொடுத்து, மற்றப் பிரதியில் கிடைத்தது என்று முத்திரை குத்தும்வரை அவருடைய கதிரைக்கு முன்னால் நில்லுங்கள். ஆறு மாதத்தில் மறுபடி அளந்து பாருங்கள். வேலியைப் பின்னுக்கு எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் எடுங்கள், ஆனால் பழைய கதியாலில் ஒன்றைப் பிடுங்காமல் விட்டுவிடுங்கள், சாட்சிக்கு அது நிற்கட்டும். நாடா இல்லை என்று சாட்டுச் சொல்ல வேண்டாம். வள்ளத்துக் கயிறு இருக்கிறது, முடிச்சுப் போடுங்கள்.